ஆடிக்காற்றும் அனல்மின் கொதிகலனும்: சமன் செய்யும் சுமை யாருக்கு?

தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் ஜூலை மாதத்தில் தமிழ்நாட்டின் காற்றாலைகள் மட்டுமே சில நாள்களில் 5,000 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் தருகின்றன. காற்று தணிந்தால் சில மணி நேரத்துக்குள் அது பாதியாகிவிடும். பிப்ரவரியிலோ பல நாள்கள் அவை தருவது சில நூறு மெகாவாட்தான். இந்த ஏற்ற இறக்கத்தை எதைக் கொண்டு ஈடுகட்டுவது, அதற்காகும் செலவை யார் ஏற்பது? தமிழ்நாட்டு மின்வாரியம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக எதிர்கொண்டுவரும் கேள்வி இது.

1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் செயல்விளக்கத்துக்காகக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. தொண்ணூறுகளில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு, உடுமலை, பல்லடம் எனக் கணவாய்களின் வாயில் அமைந்த ஊர்களுக்கெல்லாம் அவை பரவின. 2000களின் நடுவில் நாட்டின் காற்றாலைத் திறனில் ஏறக்குறையப் பாதி இங்கேதான் இருந்தது. இன்று காற்றாலைகளின் நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. சூரிய மின்சாரமும் 10,000 மெகாவாட் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வானிலையைச் சார்ந்த மின்சாரத்தை ஓர் ஓரத்துச் சேர்க்கையாக இனி யாரும் கருத முடியாது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

இதே காலத்தில் இந்தக் கேள்விக்குப் பல விடைகள் முன்வைக்கப்பட்டன. நிலக்கரியையும் அணுமின்சாரத்தையும் அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் சிலர். மின்தொகுப்பை நாடு முழுக்க விரிக்கலாம், கொதிகலன்களை ஏறி இறங்கப் பழக்கலாம், மின்சாரத்தைத் தேக்கிவைக்கலாம், நுகர்வோரின் நேரத்தை மாற்றலாம் என்றார்கள் மற்றவர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறும் ஒரு நியாயமும் உண்டு, பலவீனமும் உண்டு.

எந்த அளவுகோலில் சமநிலை?

கம்பியில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க முடியாது. ஒரு நொடியில் எவ்வளவு செலவாகிறதோ அதே நொடியில் அவ்வளவும் உற்பத்தியாக வேண்டும். உற்பத்தி குறைந்தால் தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும், மிகுந்தால் ஏறும். இந்தியத் தொகுப்புக்கு அனுமதிக்கப்பட்டிருப்பது 49.90 முதல் 50.05 வரையிலான குறுகிய இடைவெளி. ஒரு நாளை 15 நிமிடக் கட்டங்களாக, மொத்தம் 96 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு எடுப்போம் என்பதை மாநிலம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்ன அளவிலிருந்து விலகினால் அபராதம் உண்டு. தென்மண்டலத்தில் 2003இல் தொடங்கிய இந்தக் கணக்குமுறைக்கு முன்பு அதிர்வெண் தாறுமாறாக அலைந்துகொண்டிருந்தது.

காற்றாலைக்கு இந்தக் கட்டுப்பாடு கடினமானது. காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே காற்று கொஞ்சம் தணிந்தாலும் மின்சாரம் பெருமளவு சரியும்.

சமநிலை என்று நாம் சொல்வது மூன்று வேறுபட்ட வேலைகளைக் குறிக்கிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். ஒரு மின்நிலையம் திடீரென நின்றால் அடுத்த சில நொடிகளைத் தாங்குவது முதல் வேலை. சூரியன் சாயும்போது மாலை உச்சநேரத்துக்கு ஏறுவது போன்ற மணிக்கணக்கான மாற்றங்களைச் சமாளிப்பது இரண்டாவது. ஜூலையின் மிகுதிக்கும் பிப்ரவரியின் பற்றாக்குறைக்கும் நடுவிலுள்ள பருவ இடைவெளியைக் கடப்பது மூன்றாவது. இந்தத் துறையில் நடக்கும் வாதங்களில் பெரும்பகுதி, ஒருவர் மணிக்கணக்கைப் பேச இன்னொருவர் பருவக்கணக்கைப் பேசுவதால் எழுவது. கீழே பார்க்கும் விடைகளில் மூன்று வேலைகளையும் தனித்துச் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

அடித்தளச் சுமை வாதம்

எந்நேரமும் தேவைப்படும் அடிப்படை அளவை நிலக்கரி, அணுமின் நிலையங்கள் ஒரே சீராகத் தரட்டும், காற்றும் வெயிலும் அதன் மேல் வரும் கூடுதலாக இருக்கட்டும் என்பது மிகப் பழைய நிலைப்பாடு. பழையது என்பதால் அதுவே இயல்பானது என்றும் பலர் நம்புகிறார்கள். ஆனால் இந்த மாநிலத்தின் மின்வரலாறு தண்ணீரில்தான் தொடங்கியது. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம், பிறகு கனடாவின் உதவியோடு குந்தா என, சென்னை மாகாணத்தின் தொகுப்பு மழையை நம்பி வளர்ந்தது. நெய்வேலியும் எண்ணூரும் அதன் பின்னரே வந்தன. தொழிற்சாலைகளும் பம்புசெட்டுகளும் பெருக, பருவமழை பொய்த்த ஆண்டுகளில் மின்வெட்டு வந்தது. அந்த நிலையற்ற தன்மைக்கு மருந்தாகத்தான் அனல்மின்சாரம் வளர்க்கப்பட்டது. தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை அனல்மின் நிலையங்கள் எழுபதுகளின் இறுதியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இன்று காற்றாலை மீது வைக்கப்படும் அதே குற்றச்சாட்டு ஒரு காலத்தில் அணைகள் மீது இருந்தது.

இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 2008க்குப் பிந்தைய ஆண்டுகளின் மின்வெட்டு, நம்பகமான திறன் போதாமையின் விளைவு. 2012இல் சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு. மாவட்டங்களில் அதைப் போலப் பல மடங்கு. கோவையிலும் திருப்பூரிலும் விசைத்தறிகளும் சிறு பட்டறைகளும் டீசல் ஜெனரேட்டரின் செலவில் தத்தளித்தன. நாட்டின் காற்றாலைத் தலைநகரம் என்ற பெயரோடு இருந்த மாநிலத்தில்தான் இது நடந்தது. நிறுவுதிறன் வேறு, வேண்டிய நேரத்தில் கிடைக்கும் திறன் வேறு என்பதை அந்த ஆண்டுகள் கசப்போடு கற்றுக்கொடுத்தன.

ஆனால் அடித்தளம் என்ற கருத்துக்கு இன்று இரண்டு பக்கமும் நெருக்கடி. ஒன்று, நண்பகலில் சூரிய மின்சாரம் 5,000 மெகாவாட்டைத் தாண்டும் நாள்களில், காற்றும் சேர்ந்துகொண்டால், மாறாத அடிப்படைச் சுமை என்று ஒதுக்கிவைக்க மிஞ்சுவது குறைவு. இன்னொன்று செலவு. தமிழ்நாட்டு நிலையங்களுக்கான நிலக்கரியில் கணிசமான பங்கு ஒடிசாவின் தால்சேரிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. மேட்டூருக்கு அங்கிருந்தும் ரயில் பயணம் உண்டு. சுரங்கத்தின் வாயிலில் எரியும் நிலக்கரியின் விலையில் இங்கே மின்சாரம் எடுக்க முடியாது. கூடங்குளத்தின் இரண்டு 1,000 மெகாவாட் உலைகள் சீராக ஓடுகின்றன. ஆனால் அவற்றை மணிக்கொரு முறை ஏற்றி இறக்கும் வழக்கமில்லை. ஆக, சமன் செய்யும் வேலை மற்ற நிலையங்களின் மேல்தான் விழுகிறது.

தொகுப்பை விரித்தல்

ஓரிடத்தில் காற்று ஓய்ந்தால் இன்னோரிடத்தில் வீசும், எனவே பரப்பு பெரிதானால் ஏற்ற இறக்கம் தானே தணியும் என்பது இரண்டாவது விடை. பொறியாளர்கள் பெரிதும் விரும்பும் விடையும் இதுதான்.

2013ஆம் ஆண்டின் கடைசி நாள் வரை தென்மண்டலத் தொகுப்பு நாட்டின் பிற தொகுப்புகளோடு ஒத்திசைவாக இணைக்கப்படவில்லை. அதனால் ஒரு நன்மையும் இருந்தது: 2012 ஜூலை இறுதியில் வடக்கும் கிழக்கும் இருண்டபோது தெற்கில் விளக்குகள் எரிந்தன. ஆனால் மின்வெட்டில் தவித்த தமிழ்நாடு வடக்கிலிருந்து வேண்டிய அளவு வாங்க முடியாமல் போனதற்கும், காற்று மிகுந்த நாளில் இங்கிருந்து அனுப்ப வழியில்லாமல் போனதற்கும் அந்தத் தனிமையே ஒரு காரணம். ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை 2013 டிசம்பர் 31 அன்று அந்த எல்லையைத் திறந்தது. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கத்துப் புகளூர் வரை 6,000 மெகாவாட் கொள்ளும் உயரழுத்த நேர்மின் பாதை வந்தது. மாநிலத்துக்குள் கயத்தாறு, தப்பகுண்டு போன்ற இடங்களின் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள், கணவாய்களில் தேங்கிய மின்சாரத்தை வெளியேற்ற உதவின. காற்றாலை இருந்தும் எடுத்துச்செல்லக் கம்பி இல்லை என்ற பழைய குறை பெருமளவு குறைந்திருக்கிறது.

இந்த விடையின் வரம்பை நிர்ணயிப்பது பருவமழை. ஐரோப்பாவில் போல நமது காற்று இடத்துக்கு இடம் வேறுபட்ட தாளத்தில் வீசுவதில்லை. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய நான்கும் ஒரே தென்மேற்குப் பருவத்தை நம்பியிருப்பவை. ஜூனில் எழுந்து செப்டம்பருக்குப் பின் எல்லா இடத்திலும் அடங்கிவிடுகிறது. நம்மிடம் மிகும்போது அவர்களிடமும் மிகும். கம்பிகள் மணிக்கணக்கான மாற்றங்களைத் தணிக்கும். பருவ இடைவெளியை அவற்றால் நிரப்ப முடியாது. ஆண்டில் சில மாதங்களே முழுமையாக நிறையும் பாதைக்கு ஆண்டு முழுவதும் யார் கட்டணம் செலுத்துவது என்ற வழக்கும் தீரவில்லை. 2025 ஜூன் வரை இயக்கத்துக்கு வந்த காற்று, சூரியத் திட்டங்களுக்கு மாநிலங்களுக்கிடையிலான பாதைக் கட்டணத்திலிருந்து மத்திய அரசு முழு விலக்கு அளித்தது. அந்தக் கட்டணம் மறைந்துபோகவில்லை, மற்றவர்களின் கணக்கில் ஏறியது.

கொதிகலனை வளைத்தல்

மூன்றாவது விடை, இருக்கும் அனல்மின் நிலையங்களையே ஏறி இறங்கப் பழக்குவது. 2017இல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் இந்திய அமைப்புகளோடு சேர்ந்து செய்த ஆய்வு இதற்கு வலுவான ஆதாரம். 100 கிகாவாட் சூரிய மின்சாரமும் 60 கிகாவாட் காற்று மின்சாரமும் உள்ள தொகுப்பை அது கணினியில் இயக்கிப் பார்த்தது. நிலக்கரி அலகுகள் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காவிட்டால் வீணாகும் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் 3.5 விழுக்காடு, 55 விழுக்காடு வரை இறங்கினால் அது 1.4 ஆகக் குறைகிறது. 2018இல் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரியில் தேசிய அனல்மின் கழகத்தின் 490 மெகாவாட் அலகு ஒன்றை 40 விழுக்காடு வரை இறக்கிச் சோதித்தார்கள். 2023இல் மத்திய மின்சார ஆணையம் இதை விதியாகவே ஆக்கியது: எல்லா அலகுகளும் 55 விழுக்காட்டுக்கும், பின்னர் படிப்படியாக 40 விழுக்காட்டுக்கும் இறங்கத் தயாராக வேண்டும். 70 விழுக்காட்டுக்கு மேல் நிமிடத்துக்கு 3 விழுக்காடு, 40 முதல் 55 வரையிலான பகுதியில் நிமிடத்துக்கு 1 விழுக்காடு என மாறும் வேகத்தையும் விதி சொல்கிறது.

தமிழ்நாட்டில் இது எவ்வளவு இடம் தரும்? தூத்துக்குடியில் ஐந்து, மேட்டூரில் நான்கு, வடசென்னையில் மூன்று என வாரியம் சொந்தமாகக் கட்டிய 210 மெகாவாட் அலகுகள் 12. இவை அனைத்தும் 55 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காட்டுக்கு இறங்குவதாக வைத்துக்கொண்டால் கிடைக்கும் கூடுதல் இடம் 378 மெகாவாட். காற்று ஒரு மாலையில் காட்டும் மாற்றத்தில் இது சிறு பகுதியே. அதற்குத் தரும் விலையோ சிறியதல்ல. இந்த அலகுகள் பலவும் எண்பதுகளையும் தொண்ணூறுகளையும் சேர்ந்தவை. சுமை மிகவும் இறங்கினால் உலைக்குள் நிலக்கரித் தூளின் சுடர் நிலைகுலையும். அதைத் தாங்க எண்ணெய் எரிக்க வேண்டும். யூனிட்டுக்குச் செலவாகும் நிலக்கரி கூடும். தடித்த சுவருள்ள நீராவிக் குழாய்களும் சுழலியின் உறைகளும் நாள்தோறும் சூடேறிக் குளிர்ந்தால் உலோகம் களைத்து விரிசல் விடும். முழுமையாகக் குளிர்ந்த கொதிகலனை மறுபடி தொகுப்போடு இணைக்க அரை நாளுக்கு மேலும் ஆகலாம். மாலையில் தேவைப்படும் அலகை நண்பகலில் அணைத்துவிட முடியாது என்பதால், வேண்டாத நேரத்திலும் அதைக் குறைந்த சுமையில் ஓட்டிக்கொண்டிருக்க நேர்கிறது.

ஆய்வுகள் காட்டும் 55, 40 என்ற எண்கள் நல்ல நிலையிலுள்ள அலகுகளுக்குப் பொருந்துபவை. சாம்பல் மிகுந்த நிலக்கரியோடு, பராமரிப்பு தள்ளிப்போடப்பட்ட அலகுகளுக்கும் அவை அப்படியே பொருந்தும் என்று கொள்வதற்கு இதுவரை கிடைத்த ஆதாரம் போதாது என்றே எண்ணுகிறேன்.

தேக்கி வைத்தல்

காற்றின் மின்சாரத்தைத் தேக்கும் முயற்சி காற்று மின்சாரத்தைப் போலவே பழையது. டென்மார்க்கின் ஆஸ்கோவ் கிராமத்தில் 1891இல் காற்றாலை கட்டிய ஆசிரியர் போல் லா கூர், அதன் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைச் சேமித்துப் பள்ளிக்கு விளக்கேற்றினார்.

தமிழ்நாட்டுக்கும் இதில் முன்னோடி ஒன்று உண்டு. ஆனைமலையில் பாறைக்குள் குடைந்து கட்டிய காடம்பாறை நீரேற்று நிலையம் எண்பதுகளின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் மிகும்போது மேல் ஆழியாற்றிலிருந்து காடம்பாறை அணைக்குத் தண்ணீரை ஏற்றி, உச்சநேரத்தில் அதே தண்ணீரை இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கலாம். பொதுவாக இத்தகைய நிலையங்களில் நான்கு யூனிட் செலவழித்து ஏற்றினால் மூன்று யூனிட் போலத் திரும்பக் கிடைக்கும். நிமிடங்களில் ஏறி இறங்கும் இதன் வேகத்துக்கு எந்தக் கொதிகலனும் ஈடாகாது. ஆனால் மின்வெட்டு ஆண்டுகளில் ஏற்றுவதற்கு உபரி மின்சாரம் வாய்ப்பதே அரிதாயிற்று. காடம்பாறைக்குப் பிறகு இரண்டாவதாக, குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் கட்டப்பட்டுவருகிறது. இரண்டுக்கும் நடுவில் விழுந்த இந்த நீண்ட இடைவெளியை இந்த மாநிலத்தின் மின்கொள்கையில் நேர்ந்த பெரிய தவறவிடலாகவே கருதுகிறேன். காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் எழுந்த ஆண்டுகள் அவை.

வழக்கமான நீர்மின் நிலையங்களும் உதவுகின்றன, ஓர் எல்லைக்குள். மேட்டூரின் தண்ணீர் குறுவைக்கும் சம்பாவுக்கும் உரியது. மின்சாரத்துக்காக மட்டும் அதைத் திறக்கவோ நிறுத்தவோ முடியாது. பரம்பிக்குளம்–ஆழியாறு அணைகளில் பாசனத்தோடு கேரளத்துடனான ஒப்பந்தமும் சேர்ந்துகொள்கிறது. சுதந்திரமாக இயக்கக்கூடியவை பெரும்பாலும் நீலகிரியின் அணைகளே.

மின்கலன் தொகுதிகளின் விலைச்சரிவு இந்த விவாதத்தின் போக்கையே மாற்றியிருக்கிறது. 2022இல் மத்திய சூரிய ஆற்றல் கழகத்தின் ஏலத்தில் மெகாவாட்டுக்கு மாதம் 10.84 லட்சம் ரூபாயாக இருந்த வாடகை, 2024இன் இறுதியில் வேறு ஏலங்களில் அரசு மானியத்தோடு 2.5 லட்சத்துக்கும் கீழே வந்தது. இரண்டு மணி நேரம் தாங்கும் தொகுதிகள் இவை. நண்பகல் வெயிலை மாலைக்கு நகர்த்த இதைவிடப் பொருத்தமான கருவி இப்போது இல்லை. அதே சமயம் அளவை மறக்கக் கூடாது. 1,000 மெகாவாட்மணி கொள்ளளவு என்பது 10 லட்சம் யூனிட். 2024 ஏப்ரல் இறுதியில் மாநிலம் ஒரே நாளில் 45 கோடி யூனிட்டுக்கு மேல் செலவழித்தது. அந்த வேகத்தில் 1,000 மெகாவாட்மணியும் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். மின்கலன் மாலையைக் காக்கும்; ஆடிக்காற்றை மாசிக்குக் கொண்டுபோகாது.

நுகர்வோரின் நேரம்

உற்பத்தியை வளைப்பதற்குப் பதில் தேவையை வளைக்கலாம் என்பது ஐந்தாவது விடை. இதைத் தமிழ்நாடு பெயர் சொல்லாமலே நெடுங்காலமாகச் செய்துவருகிறது. கிராமங்களில் மும்முனை மின்சாரம் முறைவைத்துத் தரப்படுவது அதுதான். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இலவச விவசாய இணைப்புகளின் சுமையை வேண்டிய நேரத்துக்கு நகர்த்துவது சுமைப் பகிர்வு மையத்தின் கையில் இருக்கும் மிகப்பெரிய நெம்புகோல். முன்பு அந்தச் சுமை இரவுக்குத் தள்ளப்பட்டது. விவசாயி நள்ளிரவில் பாம்புக்கும் பூச்சிக்கும் அஞ்சி வாய்க்கால் மடையைத் திருப்பப் போனார். சூரிய மின்சாரம் பெருகிய பிறகு அதைப் பகலுக்குக் கொண்டுவருவது தொகுப்புக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. இந்தக் கட்டுரை பேசும் விடைகளில் இரு தரப்பும் ஒருங்கே பயன்பெறுவது இது ஒன்றுதான்.

தொழிற்சாலைகளுக்குக் காலை, மாலை உச்சநேரத்தில் 25 விழுக்காடு கூடுதல் கட்டணம் உண்டு. வெயில் நேரத்தில் கட்டணம் குறைய வேண்டும் என்பது 2023இன் மத்திய விதி. ஆனால் மூன்று ஷிப்டும் ஓடும் நூற்பாலை நேரத்தை மாற்ற முடியாது. வீடுகளோ இன்னும் இந்தக் கணக்குக்குள் வரவில்லை.

வங்கிக் கணக்கும் நிறுத்தும் உத்தரவும்

இதுவரை பார்த்தவை தொழில்நுட்ப விடைகள். தமிழ்நாட்டில் உண்மையில் சமநிலையைத் தீர்மானித்தவை இரண்டு பணக் கணக்குகள் என்பது என் மதிப்பீடு.

முதலாவது, பேங்கிங். இங்கே காற்றாலைகளில் பெரும்பகுதியை நட்டது அரசு அல்ல. கோவை, திருப்பூர், ராஜபாளையம் பகுதி நூற்பாலைகளும் சிமெண்ட் ஆலைகளும் தங்கள் சொந்தத் தேவைக்கு நட்டன. தேய்மானத்தில் கிடைத்த வரிச்சலுகை அவர்களை ஈர்த்தது. ஆலையின் தேவை ஆண்டு முழுவதும் சீரானது, காற்றோ ஐந்து மாதம்தான். அதனால் காற்றுக்காலத்தில் மிகுந்த யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, நிதியாண்டு முடிவதற்குள் எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். இதற்கான கட்டணமும் யூனிட்டிலேயே பிடிக்கப்பட்டது. நெடுங்காலம் 5 விழுக்காடாக இருந்து பிறகு உயர்ந்தது.

இரு தரப்பு வாதமும் வலுவானவை. ஜூலையில் தேவைக்கு மேல் இருக்கும்போது தந்துவிட்டு, மார்ச்சில் சந்தையில் அதிக விலைக்கு வாங்கித் தரவேண்டிய நேரத்தில் திருப்பிக் கேட்கிறார்கள், பருவ இடைவெளியின் முழுச் செலவும் எங்கள் மேல் விழுகிறது என்கிறது வாரியம். வாரியத்திடம் முதலீட்டுக்குப் பணம் இல்லாத காலத்தில் நாங்கள் போட்ட பணம் இது, மின்வெட்டுக் காலத்தில் மாநிலத்தைத் தாங்கியது எங்கள் காற்றாலை, வாரியத்துக்கு விற்றவர்கள் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள் என்கிறார்கள் உரிமையாளர்கள். 2018 ஏப்ரலுக்குப் பின் வரும் காற்றாலைகளுக்கு ஆண்டுக்கணக்கு வசதியை ஒழுங்குமுறை ஆணையம் நிறுத்தியது. பழையவற்றுக்கு வழக்குகளோடு தொடர்ந்தது. இதில் ஒரு பிழை இரு தரப்புக்கும் பொது. யூனிட்டுக்கு யூனிட் என்று எண்ணும்போது, ஜூலை நண்பகல் யூனிட்டும் மார்ச் மாலை யூனிட்டும் ஒரே மதிப்புடையவையாகிவிடுகின்றன. மின்சந்தையில் நண்பகல் விலையும் மாலை விலையும் பல மடங்கு வேறுபடும் இன்றைய நிலையில் அது பொருந்தாது.

இரண்டாவது, உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் உத்தரவு. காற்றும் வெயிலும் தரும் மின்சாரத்தைத் தொகுப்பின் பாதுகாப்புக்கு ஆபத்து நேர்ந்தால் தவிர நிறுத்தக் கூடாது என்பது 2010இலிருந்து மத்திய தொகுப்பு விதிகளின் நிலை. ஆனால் விலைக் கணக்கு வேறு திசையில் இழுத்தது. கமுதியில் 648 மெகாவாட் பூங்கா எழுந்த காலத்தில் மாநிலம் ஒப்புக்கொண்ட சூரிய மின்விலை யூனிட்டுக்கு 7.01 ரூபாய். 2017இல் புதிய ஏலத்தில் அது 3.47 ரூபாய்க்கு வந்துவிட்டது. அனல்மின் நிலையத்துக்கோ எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக்கட்டணம் உண்டு. அதனால் அதன் அடுத்த யூனிட் வாரியத்துக்கு மலிவாகத் தெரியும். ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய கடனோடு நிற்கும் நிறுவனம் 7.01 ரூபாய் மின்சாரத்தைத் தவிர்க்கப் பார்த்தது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும் விதி அதை அனுமதிக்கவில்லை.

சூரிய மின் உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நாட்டின் தொகுப்பை அப்போது போசோகோ என்ற பெயரில் இயக்கிவந்த நிறுவனத்திடம் 2017ஆம் ஆண்டு நிறுத்தங்களை ஆராயச் சொல்லியிருந்தது தீர்ப்பாயம். நிறுத்தச் சொன்ன நேரங்களின் அதிர்வெண்ணையும் பாதைகளின் சுமையையும் பார்த்தபோது, பலவற்றில் தொகுப்புக்கு ஆபத்து எதுவும் தென்படவில்லை. நிறுத்தங்கள் வணிகக் காரணத்துக்காகச் செய்யப்பட்டவை என்று முடிவுசெய்து, இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசும் இழப்பீட்டை விதியாக்கியது. பல ஆண்டுகள் இரு தரப்பும் சூளுரைத்த ஒரு தகராறை, நேரவாரியான சில பதிவேடுகள் தீர்த்துவைத்தன.

தீராதவை

முன்கணிப்பு இன்று பழைய நிலையில் இல்லை. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் தமிழ்நாட்டுக்கென மேற்கொண்ட காற்றுக் கணிப்பும், பின்னர் அமைந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மேலாண்மை மையங்களும் மறுநாள் காற்றைப் பெருமளவு முன்கூட்டியே சொல்லுகின்றன. மணிக்கணக்கான சமநிலை, மின்கலனும் விவசாயச் சுமையும் கம்பியும் சேர்ந்தால், இனித் தீர்க்கக்கூடியதாகவே தோன்றுகிறது. நொடிக்கணக்கில் இன்னும் தெளிவு வேண்டும்: சுழலும் கனமான இயந்திரங்கள் தரும் நிலைமம், கொதிகலன்கள் குறையக் குறைய எங்கிருந்து வரும் என்பதற்கு ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் அனுபவம் தொடக்க விடைகளையே தருகிறது. பருவ இடைவெளிக்கு நிலக்கரியைத் தவிர வேறு விடை இப்போதைக்கு எவரிடமும் இல்லை. ஆனால் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் தேவைப்படும் நிலையத்தை யார் பராமரிப்பது, அதன் நிலைக்கட்டணம் யாருடையது என்பது முடிவாகவில்லை.

2024இல் மின்வாரியம் மறுபடி பிரிக்கப்பட்டு, பசுமை எரிசக்திக்கெனத் தனிக் கழகம் உருவானது. அனல் நிலையங்கள் ஒரு கழகத்திலும் காற்றும் நீரும் இன்னொன்றிலும் பகிர்மானம் மூன்றாவதிலும் இருக்கும் அமைப்பில், சமன் செய்யும் செலவு ஒன்றின் கணக்கிலிருந்து இன்னொன்றின் கணக்குக்கு ஓசையின்றி நகர்வது எளிது. கடைசியில் அது மின்கட்டணமாகவோ மின்வெட்டாகவோ நுகர்வோரிடம்தான் வந்துசேரும். ஆகவே ஒரு கோரிக்கை. எந்த 15 நிமிடக் கட்டத்தில் எந்த நிலையம், எந்தக் காரணத்துக்காகக் குறைக்கப்பட்டது, அதற்கு எவ்வளவு செலவானது, யார் செலுத்தினார்கள் என்ற கணக்கை மூன்று கழகங்களும் சேர்ந்து மாதந்தோறும் பொதுமக்கள் படிக்கும் வடிவில் வெளியிட வேண்டும். பதிவேடுகள் சுமைப் பகிர்வு மையத்திலேயே இருக்கின்றன. அவற்றைத் திறக்கப் புதிய மின்நிலையம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.